சில்லாவா, கோகுர்யோவா, மூத்தது எது? வினாடி வினாவில் வந்த தகராறு

#1 திண்ணைப்பேச்சு

வணக்கம் மக்களே. எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் மாதம் ஒருமுறை வினாடி வினா வைப்போம். இந்த மாதம் கேள்வி தயாரிக்கும் முறை என்னுடையது. ஊரே கொரிய நாடகம் பார்க்கிறதே என்று, "பண்டைய கொரியாவின் மூன்று அரசுகளில் முதலில் நிறுவப்பட்டது எது?" என்று ஒரு கேள்வி சேர்த்தேன். என் தாளில் இருந்த விடை சில்லா, கி.மு. 57. அப்புறம் கோகுர்யோ கி.மு. 37, பேக்ஜே கி.மு. 18.

ஒரு கல்லூரி மாணவி எழுந்து, "சார், கோகுர்யோதான் மூத்தது. சில்லா கடைக்குட்டி" என்றாள். தாளில் இல்லாத விடைக்கு மதிப்பெண் கிடையாது என்று உட்கார வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு புத்தகத்தில் கி.மு. 57 என்றே இருக்கிறது. இன்னொன்றில், சில்லா அரசு என்று சொல்லத்தக்கது 4-ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகிறது என்று இருக்கிறது. நடுவில் நானூறு வருடம் எங்கே போயிற்று? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பெண்ணின் முகத்தில் விழிக்க வேண்டும்.

#2 ஏடுகாத்தான்

முதலில் அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள் தம்பி.

நீங்கள் சொன்ன மூன்று ஆண்டுகளும் ஒரே நூலிலிருந்து வருபவை. 'சம்குக் சாகி', அதாவது மூன்று அரசுகளின் வரலாறு. கோர்யோ மன்னர் இன்ஜோங் (மூன்று அரசுகளுக்கும் வெகு பிந்தைய வம்சம், கோகுர்யோ வேறு) சொல்லி, கிம் புசிக் என்ற அமைச்சர் தலைமையில் 1145-இல் முடித்தது. 50 பகுதிகள். கி.மு. 57-க்கும் 1145-க்கும் நடுவில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கிடக்கின்றன. அவர்களிடம் பழைய ஏடுகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று அரசுகளுமே தங்கள் வரலாற்றை எழுதி வைத்திருந்தன. சில்லா எழுதியது 545-இல், கோகுர்யோ பழைய வரலாற்றைச் சுருக்கி எழுதியது 600-இல். அத்தனையும் தொலைந்துவிட்டன. இன்று மிஞ்சியிருப்பது கிம் புசிக் நமக்குக் கொடுத்தது மட்டும்.

இந்தக் கிம் புசிக் யார்? சில்லா அரச குடும்பத்தின் வழி வந்தவர். அவர் தொகுத்த நூலில் முதலில் வருவதும் சில்லாதான். அடுத்து கி.மு. 57 என்ற ஆண்டைக் கவனியுங்கள். கிழக்காசியாவில் அறுபது ஆண்டுச் சக்கரம் உண்டு, நம்முடைய பிரபவ, விபவ போல. இரண்டும் ஒரே சக்கரம் அல்ல. அவர்களுக்கு 1984-இல் புதுச் சுற்று தொடங்கியது, நமக்கு 1987-இல்தான் பிரபவ பிறந்தது. அவர்கள் கணக்கில் கி.மு. 57 என்பது சக்கரத்தின் முதல் ஆண்டு, 'கப்ஜா'. நாடு பிறந்தது சரியாகச் சக்கரத்தின் முதல் ஆண்டில். நல்ல நாள் பார்த்துக் கால்கோள் நட்ட மாதிரி இல்லை?

கோகுர்யோவின் பெயரோ சீன ஏடுகளில் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. கி.மு. 108-இல் ஹான் பேரரசு பழைய ஜோசோன் அரசை வீழ்த்தி அங்கே நான்கு ஆட்சிப் பகுதிகளை அமைத்தது. அதில் ஒன்றின் கீழ் ஓர் ஊர்க்கோட்டத்தின் பெயரே கோகுர்யோதான். அப்புறம் கி.பி. 12-இல் ஒரு கூத்து நடந்தது. சீனத்தில் அரியணையைப் பறித்த வாங் மாங், வடக்கே சியோங்னு கூட்டத்தோடு போர் செய்யக் கோகுர்யோக்காரர்களைக் கூப்பிட்டார். அவர்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். கோபத்தில் அவர்கள் தலைவனைக் கொன்று, தலையைத் தலைநகருக்கு வரவழைத்தார். அதோடு விடவில்லை. கோகுர்யோ என்று எழுதும்போது முதல் எழுத்துக்கு 'உயர்ந்த' என்று பொருள். அதை எடுத்துவிட்டு 'தாழ்ந்த' என்ற எழுத்தைப் போட்டு, இனி இவர்கள் பெயர் இதுதான் என்று ஆணையிட்டார்.

#3 சும்மா_வந்தேன்

கோபம் வந்தால் முதல் வேலையாகப் பெயர்ப்பலகையை மாற்றுவது இரண்டாயிரம் வருடப் பழக்கம் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

#4 மண்வெட்டி

ஏடுகாத்தான் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தகராறு முழுக்க "நிறுவப்பட்டது" என்ற ஒரே சொல்லில்தான் இருக்கிறது. நான் முப்பது வருடம் அகழாய்வுக் குழியில் குந்தியவன் (கொரியாவில் இல்லை, இங்கேதான்). எந்த அரசும் ரிப்பன் வெட்டித் திறந்த கடை மாதிரி ஒரு தேதியில் தொடங்கி நான் பார்த்ததில்லை.

3-ஆம் நூற்றாண்டில் சீன வரலாற்றாசிரியர் சென் ஷோ கொரியத் தீபகற்பத்தின் தெற்கைப் பற்றி எழுதியிருக்கிறார். மூன்று ஹான் கூட்டங்கள் (சீனத்து ஹான் பேரரசு வேறு). மாஹானில் ஐம்பத்து நான்கு சிறு நாடுகள், ஜின்ஹானில் பன்னிரண்டு, ப்யோன்ஹானில் பன்னிரண்டு. அந்த ஐம்பத்து நான்கில் ஒன்றாக, கூட்டத்தில் கோவிந்தா போல, பேக்ஜேயின் பெயர் வருகிறது. ஜின்ஹானின் பன்னிரண்டில் ஒன்றாகச் சாரோ வருகிறது. அந்தச் சாரோதான் பிற்காலச் சில்லா. மாஹானில் பெரிய நாட்டுக்குப் பத்தாயிரம் வீடுகளுக்கு மேல், சிறியதற்குச் சில ஆயிரம். ஜின்ஹான் பக்கம் அதைவிடச் சிறிது, அறுநூறு எழுநூறு வீடுகள் உள்ள 'நாடு'கூட உண்டு. நம் கணக்கில் ஒரு பெரிய கிராமம்.

இப்போது கிம் புசிக்கின் நூலையே திறந்து சில்லாவின் முதல் பக்கத்தைப் படியுங்கள். ஆறு ஊர்களின் பெரியவர்கள் கூடி, கிணற்றடியில் கிடைத்த முட்டையிலிருந்து பிறந்த ஹ்யோக்கோசே என்ற சிறுவனைத் தலைவனாக்கினார்கள் என்கிறது. முட்டையை ஓரமாக வையுங்கள். மிஞ்சுவது ஆறு ஊர், ஒரு தலைவன். சென் ஷோ சொல்லும் அளவும் அதுதானே? ஆறு ஊர்க் கூட்டு ஒன்று கி.மு. முதல் நூற்றாண்டில் அங்கே இருந்தது என்றால் நான் மறுக்க மாட்டேன். அதற்குக் கிரீடம் சூட்டி 'அரசு' என்று சொல்வதில்தான் சிக்கல்.

#5 திண்ணைப்பேச்சு

ஐயா, இது நன்றாகப் புரிகிறது. அப்போது எந்தக் கட்டத்தில் 'அரசு' என்று சொல்லலாம்?

#6 மண்வெட்டி

சில்லாவுக்கு என்றால் அவர்கள் தலைவனை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று பாருங்கள், போதும். முதல்வன் கோசோகன். அடுத்தவன் சாசாவுங், இதற்குப் பூசாரி, சாமியாடி என்ற பொருளை அந்த நூலே தருகிறது. அப்புறம் இசாகும். அப்புறம் மரிப்கன், அதாவது தலைமைக்கெல்லாம் தலைமை. 503-இல்தான் ஜிஜுங் காலத்தில் 'வாங்', மன்னன் என்ற சீனப் பட்டம் வந்தது. நாட்டின் பெயரைச் சில்லா என்று எழுத்தில் உறுதி செய்ததும் அதே ஆண்டுதான். 520-இல் சட்டத் தொகுப்பு. ஆக, பூசாரியாக இருந்தவன் மன்னனாக ஐந்நூறு வருடம் ஆயிற்று.

இந்த இசாகும் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டாம் தலைவன் இறந்ததும் மகன் யூரி, "எனக்கு வேண்டாம், மைத்துனர் தல்ஹே ஆளட்டும்" என்கிறான். தல்ஹேயும் வேண்டாம் என்கிறான். கடைசியில் தல்ஹே சொல்கிறான், "அறிவாளிக்குப் பல் அதிகம் இருக்குமாம், அரிசிப் பலகாரத்தைக் கடித்துப் பார்ப்போம்." இருவரும் கடிக்கிறார்கள். தடத்தை எண்ணினால் யூரிக்குப் பல் கூடுதல். அவனே தலைவன். பல்தடம் என்ற சொல்லிலிருந்து இசாகும் என்ற பட்டம் வந்தது என்று 8-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஒருவர் விளக்கம் சொல்லியிருக்கிறார். சொல்லாராய்ச்சியாக அது எடுபடுமா என்பது வேறு. ஆனால் மூத்தவனைத் தேர்ந்தெடுக்கும் ஒரு வழக்கத்தின் வாசனை அதில் வருகிறது. பாக், சோக், கிம் என்று மூன்று குடிகள் மாறி மாறித் தலைமை ஏற்றதும் அதோடு ஒத்துப்போகிறது. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நேமுல் வந்த பிறகுதான் கிம் குடியே நிலைக்கிறது. உங்கள் இரண்டாவது புத்தகம் 4-ஆம் நூற்றாண்டு என்று சொன்னது இதை வைத்துத்தான்.

#7 சும்மா_வந்தேன்

ஞானப்பல் முளைக்காதவனுக்கு அரியணை இல்லை. என் பல் மருத்துவர் நான்கைப் பிடுங்கிவிட்டார், எனக்கு வாய்ப்பே இல்லை.

#8 ஹான்_நதிக்கரை

நான் ஏழு வருடமாகச் சியோலில் இருக்கிறேன். பேக்ஜே பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே என்று எழுதுகிறேன். நான் வாடகைக்கு இருந்த இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் புங்னாப் மண்கோட்டை. முதல்முறை பார்த்தபோது ஏரிக்கரை என்றே நினைத்தேன். புல் மூடிய மேடு, பக்கத்தில் பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, நாயோடு நடக்கும் பாட்டிகள். அவ்வளவுதான்.

1925-இல் ஹான் நதியில் பெருவெள்ளம் வந்து மேற்குச் சுவரை அரித்துக்கொண்டு போனது. அப்போதே சில வெண்கலப் பாத்திரங்கள் வெளியே வந்தன. ஆனாலும் எல்லோரும் அதைச் சும்மா ஒரு காவல் கோட்டை என்றுதான் நினைத்தார்கள். கோட்டைக்குள் வீடுகள் பெருகிவிட்டன. 1997 தொடக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் ஒரு பேராசிரியர் பேக்ஜே காலப் பானை ஓடுகளைக் கண்டார். அதன்பிறகு முறையாகத் தோண்டினால், சுவரின் அடி அகலம் சுமார் 43 மீட்டர், உயரம் 10 மீட்டருக்கு மேல், மொத்தச் சுற்றளவு 3.5 கிலோமீட்டர். மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இடித்து இடித்து இறுக்கிய சுவர். பேக்ஜேயின் முதல் தலைநகர் இதுதான் என்று இப்போது பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். 475-இல் கோகுர்யோ படை வந்து நகரைப் பிடித்து, கேரோ மன்னனைக் கொன்றது. அதோடு பேக்ஜே தெற்கே கோங்ஜுவுக்கு ஓடியது.

அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் வேறு கதை வரும். ஆழமாக அஸ்திவாரம் தோண்ட அனுமதி கிடையாது, பழைய வீட்டை இடித்துக் கட்ட முடியாது. என் வீட்டுக்கார அம்மாள் ஒருநாள் குப்பை கட்டிக்கொண்டே சொன்னார், "ராஜா செத்து ஆயிரத்து ஐந்நூறு வருஷம் ஆச்சு, இன்னும் எங்களிடம்தான் வரி வாங்குகிறார்."

#9 ஏடுகாத்தான்

அந்த அம்மாளுக்கு என் வணக்கம்.

ஆனால் சுவர் எப்போது கட்டியது? அதுதானே இங்கே கேள்வி. சுவர் முதல் நூற்றாண்டு என்று ஒரு பக்கம், 3-ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு முன்னால் இல்லை என்று இன்னொரு பக்கம். அத்தனை மண்ணைச் சுமக்க ஆயிரக்கணக்கான ஆட்களைக் கூப்பிட்டு, அவர்களுக்குச் சோறு போட ஒரு கை வேண்டும். ஐம்பத்து நான்கில் ஒன்றாக இருந்த பேக்ஜே அதைச் செய்திருக்கும் என்று நான் நம்பவில்லை. பின்னால் சொல்பவர்கள் பக்கமே நான்.

#10 ஹான்_நதிக்கரை

அண்ணா, நீங்கள் சுவரை மட்டும் பார்க்கிறீர்கள். அதே பகுதியில் சோக்சோன் கல்லறைகளைப் பாருங்கள். கற்களைப் படிப்படியாக அடுக்கிய மேடை, பெரியது ஒரு பக்கம் சுமார் 50 மீட்டர். இதே பாணிக் கல்லறைகள் கோகுர்யோவின் பழைய தலைநகர்ப் பகுதியில், இன்றைய சீனத்தின் ஜியானில், வரிசை வரிசையாக இருக்கின்றன. கிம் புசிக் நூலில் பேக்ஜேயை நிறுவிய ஒன்ஜோ, கோகுர்யோவை நிறுவிய ஜுமோங்கின் மகன். அண்ணன் பிர்யூவும் தம்பி ஒன்ஜோவும் தெற்கே வந்தார்கள். அண்ணன் கடற்கரையில் குடியேறினான், அங்கே மண் ஈரம், தண்ணீர் உப்பு, குடிகள் பிழைக்கவில்லை. தம்பி ஹான் நதிக்கரையில் நன்றாக இருந்தான். பேக்ஜே அரசர்களின் குடிப்பெயரே புயோ. ஜுமோங் கிளம்பி வந்த வடநாட்டின் பெயரும் அதேதான். ஆண்டு தப்பாக இருக்கலாம், வடக்கிலிருந்து வந்தோம் என்ற நினைவு தப்பில்லையே. கல்லறையும் அதையே சொல்கிறது.

#11 மண்வெட்டி

அக்கா சொல்வதில் நியாயம் உண்டு. சோக்சோன் கல்லறைகள் 4-ஆம் நூற்றாண்டை ஒட்டியவை, கி.மு. 18-க்குச் சாட்சி சொல்லாது. ஆனால் ஆளும் கூட்டத்துக்கு வடக்கோடு தொடர்பு இருந்தது என்பதற்குச் சாட்சி சொல்லும். அது போதும்.

#12 தென்கடல்

எல்லோரும் முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்கள். கி.பி. 48-இல் கொரியாவின் தெற்கே இருந்த காயா நாட்டு மன்னன் சுரோவை மணந்த அரசி ஹோ ஹ்வாங்-ஓக் ஆயுத நாட்டிலிருந்து கப்பலில் வந்தவள். ஆயுதம் என்பது ஆய் நாடு. பாண்டிய நாட்டுத் தென்கோடி. கொரிய மொழியில் அப்பா என்றால் அப்பா, அம்மாவுக்கு ஒம்மா. நான் என்பதற்கு 'நா'. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? வடநாட்டார் அயோத்தி என்று சொல்லி 2001-இல் அங்கே நினைவிடமே கட்டிவிட்டார்கள். நாம் வாய் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

#13 சும்மா_வந்தேன்

வந்துட்டாங்கய்யா, வந்துட்டாங்க. 12-ஆம் பதிவு வரை தாக்குப் பிடித்ததே இந்த இழையின் சாதனை.

#14 ஏடுகாத்தான்

தென்கடல் தம்பி, கோபப்படாமல் கேளுங்கள்.

அந்தக் கதை கிம் புசிக்கின் நூலில் இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இல்யோன் என்ற புத்த பிக்கு தொகுத்த 'சம்குக் யூசா'வில் இருக்கிறது. அவர் அதை 11-ஆம் நூற்றாண்டில் காயாப் பகுதி அதிகாரி ஒருவர் எழுதியதிலிருந்து சுருக்கி எடுத்தார். கதை அழகு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. செந்நிறப் பாய் விரித்த கப்பல். பதினாறு வயதுப் பெண். "நான் ஆயுத நாட்டு இளவரசி" என்கிறாள். ஆனால் அதே நூல் அவள் 189-இல் நூற்றைம்பத்தேழு வயதில் இறந்தாள் என்றும், கணவர் சுரோ பத்து வருடம் கழித்து நூற்றைம்பத்தெட்டு வயதில் இறந்தார் என்றும் சொல்கிறது. சுரோ பிறந்தது வானத்திலிருந்து இறங்கிய பொன்முட்டையில். முட்டையைத் தள்ளிவிட்டு, வயதைத் தள்ளிவிட்டு, ஊர்ப்பெயரை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை?

ஆயுத என்பது புத்த நூல்களைப் படித்த பிக்குகளுக்குத் தெரிந்த பெயர். பிற்காலப் பௌத்தம் பழைய கதைக்குப் போர்த்திய பட்டாடை அது என்று பல கொரிய ஆய்வாளர்களே சொல்கிறார்கள். அயோத்திக்காரர்களுக்கும் இதே பதில்தான். முதல் நூற்றாண்டில் அந்த ஊர் சாகேதம் என்ற பெயரில்தான் பெரிதும் வழங்கியது. தாய்லாந்தின் அயுத்தயாவா என்றும் கேட்பார்கள். அது 14-ஆம் நூற்றாண்டு நகரம்.

அப்பா, அம்மா விஷயம். குழந்தை முதலில் உளறும் ஒலிகளை வைத்துத்தான் உலகம் முழுக்கப் பெற்றோருக்குப் பெயர். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. உடனே ஜார்ஜியாவில் நமக்குத் தாய்மாமன் இருக்கிறார் என்று கிளம்ப முடியுமா? 1905-இல் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்க மிஷனரி கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். இன்றைய மொழியியலார் அந்த உறவை ஏற்கவில்லை. இரண்டு மொழி ஒரே குடும்பம் என்றால் ஒலிகள் ஓர் ஒழுங்கோடு மாறியிருக்க வேண்டும். நாற்பது சொல் ஒத்துப்போவது போதாது.

#15 தென்கடல்

அப்படியானால் கொரியக் கல்லறைகளில் கிடைக்கும் கண்ணாடி மணிகள்? அரிக்கமேட்டு மணிகள்தானே அவை?

#16 மண்வெட்டி

இது நல்ல கேள்வி, இதற்கு நானே வருகிறேன். காயாவிலும் பேக்ஜேயிலும் சில்லாவிலும் ஒற்றைநிறச் சின்னக் கண்ணாடி மணிகள் நிறையக் கிடைத்திருக்கின்றன, கடுகளவு, மிளகளவு. கண்ணாடியைக் குழலாக இழுத்துத் துண்டு துண்டாக நறுக்கிச் செய்யும் வகை. அரிக்கமேட்டில் அதற்குப் பெரிய பட்டறை இருந்தது உண்மை. ஆனால் அதே தொழில் தென்கிழக்காசியாவிலும் பல இடங்களில் வேரூன்றியது. கொரியாவுக்குப் போனதில் பெரும்பகுதி அந்தப் பக்கத்துச் சரக்காக இருக்கவே வாய்ப்பு. கைமாறிக் கைமாறிப் போன சரக்கு. மணி போனதால் மணமகளும் போனாள் என்று ஆகாது தம்பி. ஆனால் கடல்வழி ஒன்று திறந்திருந்தது என்ற உங்கள் எண்ணம் தப்பில்லை. அதற்குமேல் ஏற்றாதீர்கள், கப்பல் கவிழும்.

#17 மட்டுறுத்துநர்

மொழி உறவு பற்றித் தனி இழை இருக்கிறது. இங்கே அரசுகளின் தொடக்கம் மட்டும்.

#18 திண்ணைப்பேச்சு

சரி, எனக்கு ஒரு சந்தேகம். கிம் புசிக் நூல் இவ்வளவு பிந்தையது, சார்பு வேறு. பிறகு எதற்கு அதை நம்ப வேண்டும்? மொத்தமாகத் தள்ளிவிட்டால் என்ன?

#19 ஏடுகாத்தான்

ஒரு காலத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அப்படித்தான் செய்தார்கள். 4-ஆம் நூற்றாண்டுக்கு முந்தையது எல்லாம் பிற்காலக் கற்பனை என்று ஒரே வெட்டு. கொரியாவை அவர்கள் ஆண்ட காலம் அது, அந்த வெட்டில் அரசியலும் இருந்தது. ஆனாலும் கிம் புசிக்கின் தொடக்கப் பகுதி தள்ளாடுவது உண்மைதான். கோகுர்யோ மன்னர் தேஜோ ஏழு வயதில் அரியணை ஏறி, தொண்ணூற்று மூன்று வருடம் ஆண்டு, தம்பிக்கு விட்டுக்கொடுத்து, நூற்றுப் பத்தொன்பது வயதில் இறந்தாராம். தம்பி ஆட்சிக்கு வந்தது எழுபத்தாறு வயதில். சீன ஏடோ அவர் 121-லேயே இறந்துவிட்டார் என்கிறது. பட்டியலில் ஓட்டை இருந்த இடத்தை ஆயுளை இழுத்து அடைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

ஆனால் மொத்தமாகத் தள்ள முடியாது. ஏன் என்று மண்வெட்டி ஐயா சொன்னால் நன்றாக இருக்கும். பேக்ஜே மன்னர் முர்யோங்கின் கல்லறை அவருக்குப் பிடித்த விஷயம்.

#20 மண்வெட்டி

காத்துக்கொண்டிருந்தேன்.

1971 ஜூலை. கோங்ஜுவில் ஏற்கெனவே தெரிந்த இரண்டு பேக்ஜே கல்லறைகளுக்குள் மழைநீர் கசிகிறது என்று வடிகால் வெட்டினார்கள். ஒரு தொழிலாளியின் மண்வெட்டி செங்கல்லில் இடித்தது. (என் புனைபெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?) தோண்டத் தோண்ட வளைவான வாசல், செங்கல் வைத்து அடைத்தபடியே. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கொள்ளையர் கை படாத கல்லறை. உள்ளே நடைவழியில் குண்டாக ஒரு கல் விலங்கு, தலையில் இரும்புக் கொம்பு, வாசலைப் பார்த்து நிற்கிறது. அதன் முன்னால் இரண்டு கற்பலகைகள், மேலே ஒரு சரம் இரும்புக் காசு.

பலகையில் என்ன? "பேக்ஜே சாமா மன்னர், வயது அறுபத்திரண்டு, குய்-மாவ் ஆண்டு ஐந்தாம் மாதம்" மறைந்தார் என்று. குய்-மாவ் என்பது அந்த அறுபது ஆண்டுச் சக்கரத்தில் ஓர் ஆண்டின் பெயர், இங்கே 523. கிம் புசிக்கின் நூலைத் திறந்தால், முர்யோங் மன்னர், இயற்பெயர் சாமா, 523 ஐந்தாம் மாதம் இறந்தார். மாதம்கூடப் பிசகவில்லை. அறுநூறு வருடம் கழித்து எழுதியவருக்கு மாதம் வரை சரியாகத் தெரிந்திருக்கிறது என்றால், அவர் மேசையில் நல்ல ஏடு இருந்திருக்கிறது என்றுதானே பொருள்?

இன்னொரு பக்கமும் உண்டு. கிம் புசிக் இவரை முந்தைய மன்னர் தோங்சோங்கின் மகன் என்கிறார். பலகைக் கணக்குப்படி முர்யோங் பிறந்தது 462. அரியணை ஏறிய 501-இல் நாற்பது வயது ஆள். தோங்சோங்கோ 479-இல் ஆட்சிக்கு வந்தபோதே சிறுவன் என்று ஜப்பானின் பழைய வரலாற்று நூல் சொல்கிறது. மகன் அப்பாவைவிட மூத்தவனாக முடியாதே! ஆக, இறந்த நாள் சரி, உறவு தப்பு. ஒரே நூல், ஒரே மன்னர், பக்கத்துப் பக்கத்தில் உண்மையும் பிழையும். என்னிடம் கேட்டால் அந்த நூலை இப்படித்தான் படிக்க வேண்டும், ஒவ்வொரு வரியையும் தனியாக உரசிப் பார்த்து.

இரண்டாவது பலகையின் பின்புறம் இன்னொரு வேடிக்கை. அந்த இடத்தை நிலத்தெய்வங்களிடமிருந்து பத்தாயிரம் காசு கொடுத்து வாங்கினோம் என்று எழுதியிருக்கிறது. மனைப் பத்திரம்! மேலே இருந்த இரும்புக் காசுச் சரம் அதற்கான பணம். எண்ணினால் தொண்ணூற்றுச் சொச்சம்தான். மீதியைத் தெய்வம் கடனாக விட்டிருக்கும் போல.

#21 ஹான்_நதிக்கரை

அந்த அகழாய்வின் சோகத்தையும் சொல்லுங்கள் ஐயா. கோங்ஜு அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் எல்லோரும் பேசும் விஷயம்.

#22 மண்வெட்டி

சொல்ல மனம் வரவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பத்திரிகைக்காரர்களும் ஊர்க்காரர்களும் குவிந்துவிட்டார்கள். கூட்டத்தில் ஒரு வெண்கலக் கரண்டி மிதிபட்டு உடைந்தது. தலைமை ஏற்றிருந்த கிம் வோன்-யோங் பயந்துபோய், ஒரே இரவில் எல்லாவற்றையும் அள்ளி முடித்தார். மாதக்கணக்கில் தூரிகையால் துடைத்துத் துடைத்துச் செய்ய வேண்டிய வேலை. எந்த மணி எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற கணக்கே போயிற்று. வாழ்நாள் முழுக்க அவர் அதை நினைத்து வருந்தினார், எழுதியும் வைத்தார். குழியில் நின்றவன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நள்ளிரவில் வேலிக்கு வெளியே முந்நூறு பேர் கத்தினால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

#23 தென்கடல்

சவப்பெட்டி மரம் ஜப்பானிலிருந்து வந்தது என்று படித்தேன். அப்போது ஜப்பான்தான் பேக்ஜேயை ஆண்டது என்று சொல்வார்களே?

#24 ஏடுகாத்தான்

மரம் ஜப்பானில் வளரும் ஊசியிலை மரம்தான். பெட்டி ஜப்பான் மரம், செங்கல் அறை தென்சீன பாணி. அக்கம்பக்கம் எல்லோரோடும் கொடுக்கல் வாங்கல் இருந்தது, அவ்வளவுதான். தேக்குக் கட்டில் வாங்கியவன் பர்மாவின் அடிமை ஆவதில்லை.

நீங்கள் சொல்லும் வாதத்துக்கு வேர் வேறிடம். ஜியானில் நிற்கும் குவாங்கேதோ மன்னரின் கல். 414-இல் மகன் ஜாங்சு நிறுத்தியது. ஆறு மீட்டருக்கு மேல் உயரம், நான்கு பக்கமும் எழுத்து. கோகுர்யோ தன் தொடக்கத்தைத் தானே சொல்லும் மிகப் பழைய சான்று இதுதான். இதிலும் முட்டைதான், நதித்தெய்வத்தின் மகள்தான் தாய், ஆற்றைக் கடக்க ஆமைகள் பாலமாக மிதந்தன. ஆக 414-இலேயே ஜுமோங் கதை கல்லில் ஏறிவிட்டது. கிம் புசிக் புனைந்தது இல்லை.

இந்தக் கல்லில் 391-ஐச் சொல்லும் ஒரு வாக்கியம்தான் நூறு வருடச் சண்டை. 'வா' மக்கள், அதாவது ஜப்பானியர், கடல் கடந்து வந்து பேக்ஜேயையும் சில்லாவையும் அடிமை கொண்டனர் என்று ஜப்பானியர் படித்தார்கள். கடல் கடந்தது கோகுர்யோ என்று கொரியர் படித்தார்கள். நிறுத்தற்குறி இல்லை, எழுவாய் தெளிவில்லை, சில எழுத்து சிதைந்துவிட்டது. புள்ளியில்லாத ஓலையில் நாம் படும் பாடு போலத்தான். 1880-களில் முதன்முதலில் அந்த எழுத்தின் படியை, அதாவது நகலை, ஜப்பானுக்குக் கொண்டுபோனவர் ஒரு ராணுவ அதிகாரி. அதனால் எழுத்தையே திருத்திவிட்டார்கள் என்று 1972-இல் ஒரு குற்றச்சாட்டு வந்தது. அந்த அதிகாரிக்கு முந்தைய படி ஒன்று பின்னால் கிடைத்ததும் அந்தச் சந்தேகம் வலுவிழந்தது. உள்ளூர் ஆட்கள் படி தெளிவாக வரட்டும் என்று சுண்ணாம்பு பூசியதுதான் பெரிய குழப்பத்துக்குக் காரணம். கோகுர்யோ யாருடையது என்று சீனத்துக்கும் கொரியாவுக்கும் இப்போதும் உரசல் உண்டு. அதற்குள் நான் போகவில்லை, மட்டுறுத்துநர் கத்தியோடு நிற்கிறார்.

#25 சும்மா_வந்தேன்

சுண்ணாம்பு அடித்துக் கல்வெட்டைக் கெடுப்பதில் நம் கோயில் திருப்பணிக்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது என்று நினைத்திருந்தேன்.

#26 திண்ணைப்பேச்சு

ஞாயிறு கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன். முதல் வேலையாக அந்தப் பெண்ணுக்கு எல்லார் முன்னாலும் பத்து மதிப்பெண் கொடுத்தேன். கேள்வியையும் மாற்றிவிட்டேன்: "கிம் புசிக்கின் நூல்படி முதலில் தோன்றியது எது? சீன ஏடுகளில் முதலில் பெயர் வருவது எது?" இரண்டு விடை, இரண்டுக்கும் மதிப்பெண். பல்தடக் கதையைச் சொன்னபோது கூட்டம் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆயிற்று.

முடிந்தது என்று தாளை மடிக்கும்போது அதே பெண் மறுபடி எழுந்தாள். "சார், மூன்று அரசு என்கிறீர்களே, காயாவை ஏன் சேர்க்கவில்லை?"

#27 மண்வெட்டி

அந்தப் பெண்ணை இந்த மன்றத்துக்குக் கூட்டி வாருங்கள்.

காயா ஒரே அரசாகச் சேரவே இல்லை, அதனால்தான். ஆற்றோரமும் கடலோரமும் இருந்த பல சிறு நாடுகள், கடைசிவரை தனித்தனி. கிம்ஹேயில் இருந்தது 532-இல் சில்லாவிடம் பணிந்தது, மேற்கே பெரிய காயா 562-இல் விழுந்தது. கிம் புசிக் அதற்கென்று தனிப் பகுதி ஒதுக்கவில்லை. ஆனால் மண்ணில் பார்த்தால் காயா சின்ன ஆள் இல்லை. சென் ஷோ எழுதியது நினைவிருக்கிறதா? ப்யோன்ஹான் பக்கத்து நாட்டில் இரும்பு கிடைக்கிறது, ஹான் கூட்டத்தாரும் ஜப்பானியரும் வந்து வாங்கிப் போகிறார்கள், சந்தையில் காசுக்குப் பதில் இரும்பையே கொடுக்கிறார்கள் என்று. அந்த இரும்பை நாம் பார்க்கலாம். கையகல நீளப் பட்டைகள், இரண்டு முனையும் விரிந்து நடுவில் இடுப்பு ஒடுங்கினாற்போல. புசானில் போக்சோன் கல்லறைகளில் தரை முழுக்க அதைப் பரப்பி, அதன்மேல் ஆளைக் கிடத்தியிருக்கிறார்கள். பணத்தின் மேல் படுத்த ஆட்கள். 2023-இல் ஏழு காயாக் கல்லறைத் தொகுதிகளை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

#28 திண்ணைப்பேச்சு

அடுத்த மாதமும் கேள்வித்தாள் என் தலையில்தான். இந்த முறை தயாரித்ததும் முதலில் அவளிடம் காட்டிவிடப் போகிறேன்.